செய்யாத திருட்டுக்குப் பொன்னாடை

ஜெகதீசன் பயந்த சுபாவக்காரன். கரப்பான் பூச்சி இறக்கை விரித்தால் கட்டில்மேல் ஏறிவிடுவான்; அவன் மனைவி ரேவதிதான் துடைப்பத்தோடு வந்து விஷயத்தை முடிக்கவேண்டும். மின்சார ரயில் நடைமேடைக்குள் நுழையும்போது மஞ்சள் கோட்டைவிட்டு நாலடி பின்னால் நிற்பான். வண்டி நின்ற பிறகும் ஒருமுறை யோசித்துத்தான் ஏறுவான். அப்பேர்ப்பட்டவன், ரயில் ஜன்னலை உடைத்தவன், இருக்கையைக் கிழித்தவன், மின்விசிறியைக் கழற்றியவன் என்று ஆவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேரெடுத்தான். யாரும் அவன்மேல் வீண்பழி போடவில்லை. வீண்பழி என்பது தானாக வந்து தலையில் விழுகிற சாமான். இது அவனாகப் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது.

அவன் அப்பா திருநின்றவூர் ஏரிக்குப் பின்னால் இருந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். நிலமெல்லாம் மனையானபோது நாற்று நட்ட அதே கை எல்லைக்கல்லும் நட்டது. அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தது. மகனையாவது படிக்கவைப்போம் என்று சென்னைக்குள் ஒரு கலைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஜெகதீசனும் தினம் காலையில் மின்சார ரயிலேறிப் போய்வந்தான்.

அந்த நாளில் காலை ரயிலில் மாணவர்களுக்கென்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. தடத்துக்கு ஒரு தலைவன். 'ரூட்டு தல' என்று பெயர். திருநின்றவூர்த் தடத்துக்கு சரண் தல. படிக்கட்டில் தொங்குவது, பெட்டியின் பக்கவாட்டில் தாளம் போடுவது எல்லாம் அடிமட்டத் தொண்டர்களின் வேலை. சரண் அளவுக்கு உயர்ந்தவர்கள் பட்டாக்கத்தியை நடைமேடையில் உரசிப் பொறி பறக்கவிடுவார்கள், எதிர்க் கல்லூரிக்காரன் உட்காரக்கூடாது என்பதற்காக இருக்கையைப் பிளேடால் கிழிப்பார்கள், கோபம் வந்தால் ஜன்னல், கோபம் வராவிட்டால் மின்விசிறி.

இந்த ராஜ்ஜியத்தில் ஜெகதீசனுக்கும் ஓர் இலாகா இருந்தது. பை. தொங்குகிறவர்கள், ஆடுகிறவர்கள், உடைக்கிறவர்கள் எல்லாருடைய பையையும் மடியில் அடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். போலீஸ் வந்தால் மற்றவர்கள் குதித்து ஓடிவிடுவார்கள். இவன் எங்கே ஓடுவது? பைகளுக்குப் பின்னால் தலை தெரியாமல் உட்கார்ந்திருப்பான். ஒரே ஒருமுறை பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஏட்டு பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நீ இன்னா, பை கடையா?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஜெகதீசனின் குற்ற வாழ்க்கை முழுவதும் இவ்வளவுதான்.

படிப்பு முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டான். ரேவதிக்கு அதே எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையில் குறை கண்டுபிடிப்பது அவள் தொழில். வீட்டிலும் அந்தத் திறமை துருப்பிடிக்காமல் இருந்தது.

இப்படி இருக்கையில்தான் அந்தத் தடத்தில் ஒரு ஸ்டேஷனுக்குப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டராக சாமுண்டீஸ்வரி வந்தார். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். எல்லா ஸ்டேஷனிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தர்மபுரிப் பக்கத்துக்காரர். நேர்மையானவர், சுறுசுறுப்பானவர், எதையும் ஒழித்துவிட முடியும் என்று நம்புகிறவர். வந்த வாரமே பெட்டி பெட்டியாக ஏறிப் பார்த்தார். கிழிந்த இருக்கை, உடைந்த ஜன்னல், மின்விசிறி இருந்த இடத்தில் தொங்கும் ஒயர், யாரோ அறுத்துக்கொண்டு போன கைப்பிடிகள். நடைமேடைக் குழாயில் எவர்சில்வர் டேப் போட்டால் மறுநாள் இல்லை. பிளாஸ்டிக் டேப் போட்டால் அதற்கு அடுத்த நாள் இல்லை. இதற்கெல்லாம் மேலிடம் ஒரு மருந்து அனுப்பியிருந்தது. கல்லூரி கல்லூரியாகப் போய் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தவேண்டும். கூட்டத்தில் திருந்திய முன்னாள் மாணவர் ஒருவர் பேசவேண்டும்.

திருந்திய முன்னாள் மாணவர்களுக்குத் தட்டுப்பாடு. அந்தக் காலத்துத் தலைகளில் ஒருவர் புழல் சிறையில் இருந்தார், ஒருவர் கட்சியில் இருந்தார். சரண் மனை விற்றுக்கொண்டிருந்தார். 'சரண் நகர் பேஸ் 3' என்று தண்டவாளத்துக்கு இருபுறமும் பலகை. கூப்பிட்டால் விருந்தினராக வருவாரே தவிர, திருந்தியவராக வரமாட்டார். ஸ்டேஷனில் ஏட்டாக இருந்த உலகநாதனுக்கு ஜெகதீசன் ஞாபகம் வந்தது. இருவரும் சாயங்காலம் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்.

"இன்னா ஜெகா, நீ அந்த சரண் கோஷ்டில இருந்தவன்தானே?"

"இருந்தேன் சார். பைய புடிச்சிகினு குந்தினு இருந்தேன்."

"கோஷ்டில இருந்தியா, இல்லியா?"

"இருந்தேன்."

"அப்பால திருந்திட்டியா, இல்லியா?"

"திருந்தறதுக்கு இன்னா சார் கீது. நான்தான் ஒண்ணுமே பண்லியே."

"அத்தத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே பண்லன்னா திருந்திட்டன்னுதானே அர்த்தம்" என்றார் உலகநாதன். ஜெகதீசனுக்கு இதில் எங்கோ ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. ஆனால் டீக்குக் காசை அவர் கொடுத்துவிட்டதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

முதல் கூட்டத்தில் அவன் உண்மையைச் சொன்னான். "நான் பை புடிச்சிகினு இருந்தேன். அது தப்புன்னு அப்பறம் புரிஞ்சிது" என்றான். பின்வரிசையிலிருந்து ஒருவன், "அண்ணாத்தே, அப்பிடியே என் பையையும் கொஞ்சம் புடி" என்றான். ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. கல்லூரி முதல்வர்கூடக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் சாமுண்டீஸ்வரி உலகநாதனைத் தனியாகக் கூப்பிட்டார். "திருந்தின ஆளு வேணும்னு கேட்டேன். இவரு திருந்தறதுக்கு முன்னாடியே திருந்தினவரா இருக்காரே" என்றார். அது ஜெகதீசன் காதிலும் விழுந்தது.

டீக்கடையில் உலகநாதன் ஆறுதல் சொன்னார். "கொஞ்சம் காரம் சேரு நைனா. மாவுல உப்பு ஒரைப்பு இல்லாம பஜ்ஜி போட்டா எவன் துன்னுவான்? நல்ல காரியத்துக்குத்தானே."

அடுத்த கல்லூரியில் ஜெகதீசன் ஒரே ஒரு ஜன்னலை உடைத்தான். "கல்லால அடிச்சேன். கண்ணாடி ஒரு கொழந்த மடில போய் விழுந்திச்சு" என்றான். அந்தக் குழந்தை அந்த நிமிஷம்தான் பிறந்தது. ஹாலில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கவில்லை. பள்ளியில், கல்லூரியில், கம்பெனியில், கல்யாண வீட்டில்கூட யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் முதல்வர் வயலட் நிறத்தில் ஒரு பொன்னாடை போர்த்தினார். சாமுண்டீஸ்வரி முதல்முறையாக அவனை 'ஜெகதீசன் சார்' என்றார். பை பிடித்தவன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேடைப் பேச்சென்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லவேண்டும் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. நேர்மையானவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

அதற்கப்புறம் ஜெகதீசனைப் பிடிக்க முடியவில்லை. ஆடியில் ஒரு ஜன்னலாக இருந்தது ஆவணியில் ஒரு பெட்டியானது. இருக்கைகளைக் கிழித்தான், பஞ்சை எடுத்து வெளியே பறக்கவிட்டான். கத்தியை உரசினான். மின்விசிறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டான். எல்லாம் சரண் செய்ததும் சரணின் ஆட்கள் செய்ததும்தான். பைகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தவனல்லவா, விவரம் கச்சிதமாக இருந்தது. எந்த இடத்தில் குரல் உடையவேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. உச்சக்கட்டமாக, மகன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் செய்தி கேட்டு அப்பா நெஞ்சு வெடித்து இறந்துபோவார். அந்தப் பேச்சின் வீடியோ ரீல்ஸாகச் சுற்றி வீட்டுக்கும் வந்தது. அப்பா அதைச் செல்போனில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நான் எப்படா செத்தேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

ரேவதி அவ்வளவு சுலபமாக விடவில்லை. "ஊட்ல பல்லி உழுந்தா பக்கத்து ஊட்டுக்கு ஓடற. நீ பட்டாக்கத்தி புடிச்சியா?"

"விழிப்புணர்வுக்காகச் சொல்றதுடி."

"பீலா உடறதுக்கு இப்ப அதான் பேரா?" என்றாள் அவள். "சட்டைல இல்லாத கிழிசல நானே காட்டித் தந்தா, கம்பெனில மெடல் குடுக்க மாட்டாங்க. பாத்துக்க."

அவன் பார்த்துக்கொள்ளவில்லை. வாழ்க்கை திடீரென்று ருசியாகிவிட்டது. ஸ்டேஷன் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கேட்பதை விட்டுவிட்டார்கள். காலை ரயிலில் மாணவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். "தல, குந்து தல" என்றார்கள். கம்பெனியில் இதுவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மேனேஜர், ஆள் எப்படியோ என்று கொஞ்சம் மரியாதையாகவே பில் கேட்டார். ஒழுங்காக வாழ்ந்த முப்பத்து சொச்ச வருஷத்தில் கிடைக்காத கௌரவம், ஒழுங்கில்லாமல் வாழ்ந்ததாகச் சொன்ன மூன்று மாதத்தில் வந்து குவிந்தது.

சங்கடங்களும் வந்தன. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பேசி முடித்ததும், எலக்ட்ரிக்கல் படிக்கிற சிம்ரன் என்ற பெண் எழுந்தாள். "அண்ணா, ட்ரெயின் ஃபேன் வீட்டு கரண்ட்ல ஓடாதே. அதக் கழட்டி என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். ஜெகதீசனுக்கு வேர்த்துவிட்டது. பழைய இரும்புக் கடையைச் சொல்லவேண்டும் என்பதுகூட மறந்துபோனது. ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "அதனாலதாம்மா திருந்தினேன்" என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இவ்வளவு விழிப்புணர்வுக்குப் பிறகு ரயில் எப்படி இருந்தது என்று கேட்கலாம். அப்படியேதான் இருந்தது. ஒரு பெட்டியில் புதிதாக இருக்கைகளைக் கிழித்துப் பஞ்சை வெளியே பறக்கவிட்டிருந்தார்கள். பிடிபட்ட மாணவனை உலகநாதன் விசாரித்தார். பஞ்சைப் பறக்கவிடும் யோசனை தனக்குத் தானாக வரவில்லை, ஜெகா அண்ணன் பேச்சைக் கேட்ட பிறகுதான் வந்தது என்று அவன் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டான். இந்தத் தகவல் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் இடம்பெறவில்லை. எத்தனை கூட்டம், எத்தனை மாணவர், எத்தனை பொன்னாடை என்பது மட்டும் போனது. மேலிடம் மகிழ்ந்து, நிறைவு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவரையே அனுப்பிவைத்தது.

ஸ்டேஷன் வாசலில் ஷாமியானா போட்டார்கள். பெரிய அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் காப்பு. சரண். நடைமேடைக்குப் புதிய பெஞ்சுகள் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஸ்டேஷன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'சரண் நகர் பேஸ் 3'.

ஜெகதீசன் மேடைப் படியில் நின்றுவிட்டான். உடைத்தவனை எதிரில் வைத்துக்கொண்டு, உடைத்தது நான் என்று எப்படிச் சொல்வது? சரண் அவனைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார். நடக்கட்டும் என்கிற மாதிரி. ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். மைக் கையில் வந்ததும் பயம் போய்விட்டது. அன்றைக்கு அவன் பேசிய மாதிரி அதற்கு முன்னால் பேசியதே இல்லை. பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு சரண் பேசினார். "ஜெகா என் ஃப்ரெண்டுதான். எங்க பேட்ச்ல இவர மாதிரி சில பேரு வழி தவறிட்டாங்க. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அப்ப கேக்கல. இன்னிக்குத் திருந்தி நிக்கிறத பாக்க எனக்குப் பெருமையா கீது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெகதீசனும் தட்டினான். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தான் எதற்குத் தட்டுகிறோம் என்பது உறைத்தது. சுற்றிலும் எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் எப்படி நிறுத்துவது?

பெரிய அதிகாரி காபி குடித்துக்கொண்டே சாமுண்டீஸ்வரியிடம் கேட்டார். "இவ்வளவும் நடந்திருக்கே. அந்தக் கேஸெல்லாம் என்னாச்சு?"

"பழைய கேஸ் சார். ஆள் தெரியலன்னு நிலுவையில கிடக்கு."

"ஆள்தான் இங்க உக்காந்து போண்டா சாப்பிடறாரே" என்றார் அதிகாரி. நாகரிகமாக எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் நடந்ததை உலகநாதனே பின்னால் டீக்கடையில் சொன்னார். சாமுண்டீஸ்வரி அரை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "அவரு பை பிடிச்சவருன்னு நமக்குத் தெரியும்ல" என்றாராம். "நம்பளுக்குத் தெரியும் மேடம். வீடியோவுக்குத் தெரியாதே" என்றாராம் இவர். ஜெகதீசன்தான் ஆளா என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இல்லை என்று எழுதினால் கூட்டங்கள் எல்லாம் பொய்; ஆமாம் என்று எழுதினால் ஒரு கட்டு நிலுவை வழக்குகள் ஒரே நாளில் முடியும். சாமுண்டீஸ்வரி கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா எழுதவில்லை, இரண்டு தடவை உதறினார் என்று உலகநாதன் சொன்னார். மனசாட்சிக்கு அவ்வளவாவது செய்தாரே.

சம்மன் வந்தபோது ஜெகதீசன் அதை இன்னொரு கூட்டத்துக்கான அழைப்பு என்று நினைத்துச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டான். ரேவதிதான் படித்துச் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த வயலட் பொன்னாடைய போத்திகினு போ" என்றாள் அவள். "கோர்ட்ல சேர் போட்டு குந்த வெப்பாங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள், திரும்பி வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சாயங்காலமே வாசலில் பெரிய கார் வந்து நின்றது. சரண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "மச்சான், பயப்படாத. ஃபைன் மட்டுந்தான் போடுவாங்க, நான் கட்றேன். பேசாம ஒத்துக்க. பேஸ் 3ல ஒரு மூல மனை கீது, உன்கு சல்லிசா முடிச்சித் தரேன்" என்றார்.

ஜெகதீசனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஒடச்சது நீ. நான் எதுக்கு ஒத்துக்கணும்? எனுக்கு உன் மனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்பு" என்றான். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டான். சரண் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். ரேவதி அன்றைக்கு அவனுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. கூட வேலை செய்கிறவளின் தங்கை ஜெபா வக்கீல். ஜெபா தாளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது கேஸே இல்லக்கா. காலம் கடந்துபோச்சு, சாட்சி இல்ல, சாமான் இல்ல. மேடைல பேசினதுக்கெல்லாம் தண்டனைன்னா ஊர்ல ஒருத்தரும் வெளிய இருக்க முடியாது. அண்ணா, ஜட்ஜ் கேக்கும்போது 'இல்லங்கய்யா'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை. ஜெகதீசன் ரயிலில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

ரயில் வழக்குகளைப் பார்க்கிற கோர்ட் அது. வராண்டாவில் மாணவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தி உரசியவர்கள், கல்லெறிந்தவர்கள், படிக்கட்டில் தொங்கியவர்கள். ஜெகதீசனைப் பார்த்ததும் ஒருவன் எழுந்தான். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். "தல வந்துகீறாரு" என்று காதோடு காதாகச் செய்தி வராண்டாக் கோடி வரைக்கும் போனது. ஒருவன் குனிந்து காலைத் தொட்டான். ஜெகதீசன், "இன்னாடா இதெல்லாம்" என்றான். வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ரேவதி அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பின்னால் மாணவர்களும் வந்து நின்றார்கள். ஜெபா எழுந்தாள். "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் எந்தக் குற்றத்திலும் ஈடுபட்டவர் அல்ல. மற்ற மாணவர்களின் பைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இயல்பிலேயே மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர்" என்று தொடங்கினாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு குரல், "பையா? இந்த டம்மி பீஸு பை தூக்கினுதான் இருந்திச்சா?" என்று கிசுகிசுத்தது. முதல் கூட்டத்தில் கேட்ட அதே சிரிப்பு. ஜெகதீசனின் காது மடல் சூடாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமலே அந்த முகங்கள் எல்லாம் அவனுக்குத் தெரிந்தன.

நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். வயதானவர், அவசரமில்லாதவர். "நீங்களே சொல்லுங்க. இதெல்லாம் நீங்க செஞ்சீங்களா?"

ஜெபா அவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். ரேவதி கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஜெகதீசன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஆமாங்கய்யா. நான்தான்."

ஜெபா பொத்தென்று உட்கார்ந்தாள். மூலை மனையைக் காட்டி சரணால் வாங்க முடியாததை, பேர் தெரியாத ஒருவனின் கிசுகிசுப்பு செலவில்லாமல் வாங்கிக்கொண்டது. "எல்லாத்தையும் ஒத்துக்கறீங்களா?" என்று நீதிபதி மறுபடியும் கேட்டார்; அவருக்கே நம்பிக்கை இல்லை. "எல்லாத்தையும்" என்றான் இவன். அதோடு விட்டிருக்கலாம். "லிஸ்ட்ல வராதது இன்னும் கீது ஐயா" என்றான். நீதிபதி போதும் என்று கையைக் காட்டினார்.

அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும் தண்டனை. மாணவர்களோடு மாணவனாக மூலையில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் நடுவில் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். ஒருவன் தன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முதலில் அவனிடம் நீட்டினான். அபராதத்தைக் கட்டிவிட்டு ரேவதி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். கல்லூரி நாளில் மூன்று வருஷம் ஏங்கிய இடத்தில் அவன் ஒருவழியாக உட்கார்ந்திருந்தான். கோர்ட் கலைந்தபோது அவனுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கலைந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

மறுநாளே எல்லாம் தெளிந்துவிட்டது. ஸ்டோரில் பித்தளைச் சாமான் நிறைய இருக்கிறது, திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவரை வைத்துக்கொள்ள முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் 'ரயில்வே சொத்துத் திருடர்கள்' என்று தலைப்புப் போட்ட பலகையில் அவன் படம் ஏறியது. அலுவலகத்தில் அவனுடைய படமாகக் கூட்டத்தில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது. அதனால் திருடன் வரிசையில் அவன் மட்டும் வயலட் பொன்னாடையோடு கைகூப்பி நின்றான். ரயிலில் இப்போது யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரிக்கு நிலுவை வழக்குகளை முடித்ததற்காகப் பாராட்டுக் கடிதமும் வேறு ஊருக்கு மாற்றலும் கிடைத்தன. சரண் பயணிகள் நலச் சங்கத்துக்குத் தலைவரானார். இருக்கைகள் கிழிந்தபடியே ஓடிக்கொண்டிருந்தன.

ரேவதி ஒரு மாதம் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பிறகு, "ஏன்யா அப்பிடிச் சொன்ன?" என்று ஒரு முறை கேட்டாள். "சிரிச்சாங்கடி" என்றான். ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு கூரியர் குடோனில், பழசைக் கிளறாத முதலாளி ஒருவரிடம் அவளே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். ரயில் போகாத இடம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். போய்க்கொண்டிருந்தான். அங்கே அவன் யாருக்கும் எந்தக் கதையும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் செல்போன் அடித்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். ரேவதி எடுத்தாள். மறுமுனையில் உலகநாதன். புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாராம். விழிப்புணர்வுக் கூட்டம் மறுபடி ஆரம்பிக்கிறதாம்.

"ஜெகா வந்தே ஆவணும்மா. முன்னாடியாவது சும்மா வாய்ப் பேச்சு. இப்ப கோர்ட் தீர்ப்பே கீது, அசல் சரக்கு. எவனும் கொஸ்டின் கேக்க முடியாது. இந்தவாட்டி வண்டிச் செலவும் தராங்க."

"வர மாட்டாரு சார்" என்றாள் ரேவதி.

"ஏம்மா?"

"அவரு இப்ப நெசமாவே திருந்திட்டாரு. உங்களுக்கு ஒத்து வரமாட்டாரு."

ஃபோனை வைத்துவிட்டு, வெயில் போவதற்குள் துணியைக் காயப்போட மாடிக்குப் போனாள்.